கெட்டிக் குழம்பு வெடிக்கும்

அன்புள்ள அம்மாவுக்கு, ஷாரோன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று அறிவியல் காட்சியகத்தில் எரிமலைப் படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விளக்கம் சொல்பவர் வரவில்லை. ஓசூர்ப் பள்ளிப் பிள்ளைகள் என்னையே கேட்டார்கள். "அக்கா, இந்த மலை வெடிக்குது, அது ஏன் சும்மா வழியுது?"

பலகையில் படித்ததைச் சொன்னேன். "மணல்ல இருக்கே சிலிக்கா, அது ஜாஸ்தியா இருந்தா குழம்பு கெட்டியாயிடும். கெட்டிக் கூழ்ல காத்து மாட்டிக்கினு டப்புனு தெறிக்கும்ல, அப்டிதான். தண்ணியா இருந்தா காத்து பூடும், குழம்பு வழிஞ்சிடும்."

"கூழ் அப்படியா தெறிக்கும்?"

"எங்கம்மா கையப் பாத்தா தெரியும்."

மேலாளர் பின்னால் நின்றிருந்தார். திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை, நான் பத்தாவது முடித்தால் விளக்கம் சொல்லும் வேலையே தருகிறாராம். பரீட்சைக்குப் பதிய என் பள்ளிச் சான்றிதழை அனுப்பு. போர்த்திக்கொள்ள உன் புடவை ஒன்றும் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

மணி அடிக்கிறது, போகிறேன்.

உன் மகள்
ஷாரோன்