உன் பேத்திக்கு வயல் இருக்கிறது, அக்கா

என்னைத் தூக்கி வளர்த்த என் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அடங்கியிருக்கும் கப்ரை அல்லா வெளிச்சமாக வைத்திருப்பான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீ போய் மூன்று வருடம் ஆகிறது. நாம் இரண்டு பேரும் மூன்று நாள் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்ததில்லை. சொல்ல வேண்டியது மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. பெரிய சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகன் இம்தியாஸுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூக்கு அப்படியே உன் மூக்கு.

ஆம்பூர் ஷூ கம்பெனி வேலையை விட்டு அவன் இந்தோனேசியாவுக்குப் போனது உனக்குத் தெரியும். அங்கே கூட வேலை பார்த்த ரஹ்மி என்கிற பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டது உனக்குத் தெரியாது. நல்ல பெண், தொழுகை தவறாத பெண். பிரசவத்துக்கு அவள் சுமத்ராவில் இருக்கிற தன் அம்மாவின் கிராமத்துக்குப் போனாள். "எங்கம்மா எடத்துல நீதான் வரணும் சின்னம்மா" என்று இம்தியாஸ் டிக்கெட் போட்டுவிட்டான். இரண்டு விமானம் மாறி, ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவை மடியை விட்டு இறக்காமல் போய்ச் சேர்ந்தேன்.

கிராமம் என்றால் அது கிராமம் அக்கா. மலை அடிவாரத்திலிருந்து படி படியாக நெல் வயல். வாய்க்காலில் வாத்து, சேற்றில் எருமை, பள்ளிவாசலில் பாங்கு. கணியம்பாடிப் பக்கம் நம்மைப் பெற்ற அத்தா பயிர் வைத்த அந்த ஏரிக்கரை நிலத்தின் மண் வாசனை அங்கேயும் அடித்தது.

ரஹ்மியின் அம்மாவை எல்லாரும் இபு என்கிறார்கள். அவர்கள் பாஷையில் அம்மா. என் வயதுதான், என்னைப் போலவே வாய் ஓயாது. நான் தமிழில் பேச, அவள் அவள் பாஷையில் பேச, நடுவில் உன் மகன் மாட்டிக்கொண்டு முழித்தான். சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைப்பதைப் பார்த்துக் கேட்டேன்.

"இன்னாடா இது, தனி வீடு எப்போ பாக்கப்போற?"

"தனி வீடா? இங்க நான்தான், சின்னம்மா, மருமக." சிரிக்கிறான். "கட்டிக்கிட்டா ஆம்பளதான் பொண்ணு வீட்டுக்கு வரணும். அம்மா வழியில வந்த வீடு, வயலு எல்லாம் பொண்ணுங்களுக்குத்தான். யாரும் விக்க முடியாது."

"ஷரீஅத்துக்கு இது ஒத்து வருமாடா?"

"அப்பா சம்பாதிச்சத ஷரீஅத்து படி பிரிச்சுக்கிறாங்க. இது தலமொறையா வர்ற சொத்து, அது வேற கணக்காம். நீ போய் ஹஜ்ரத்து கிட்ட கேளு, என்னைய பேஜார் பண்ணாத."

மறுநாள் காலையில் இபு என்னை வரப்பு மேல் கூட்டிக்கொண்டு போனாள். பிறந்து எட்டு நாள் ஆன உன் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். இது என் அம்மாவுடையது, இப்போது என்னுடையது, அடுத்தது ரஹ்மிக்கு, அப்புறம் இவளுக்கு. இன்னும் பால் குடிக்கவே சரியாகத் தெரியாத குழந்தை அக்கா. அதற்கு வயல் இருக்கிறது.

அப்போதுதான் இபு திரும்பிக் கேட்டாள், உங்கள் வயல் எங்கே இருக்கிறது என்று. இம்தியாஸ் தயங்கித் தயங்கித்தான் தமிழில் சொன்னான். எங்கள் தம்பியிடம் இருக்கிறது என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அங்கே அக்கா தங்கச்சி நிலத்தைக் கூடப்பிறந்தவன்தான் பொறுப்பாகக் கவனிப்பானாம். "உங்களுக்காகப் பாத்துக்கிறாரா?" என்று கேட்டாள்.

நான் ஆமாம் என்றேன். கையில் தஸ்பீஹ் மணியை வைத்துக்கொண்டு பொய் சொன்னேன். இம்தியாஸ் வாத்தைப் பார்ப்பது மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றைக்கு மதியம் லுஹர் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்று எனக்கு நினைவில்லை. வயிறு எரிந்தது அக்கா. அவளுடைய வயலைப் பார்த்து, அவளுடைய செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கூட எரிந்தது. சோறு போட்டவளைப் பார்த்து எரிந்தேன். அந்தப் பச்சைக் குழந்தையைப் பார்த்தும் எரிந்தேன். பாவம் என்று தெரிந்தும் நிற்கவில்லை.

அத்தாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஓதி முடித்து, பிரியாணி தேக்சாவை இறக்கியதும் தம்பி விடுதலைப் பத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தான். நம் ஊரில் எல்லாப் பெண்களும் செய்கிறதுதான். பங்கை மாப் பண்ணிவிட்டேன் என்று வாயால் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு, பெருநாளைக்குப் பெருநாள் ஒரு புடவை வாங்கிக்கொள்வது. நீ படித்துக்கூடப் பார்க்காமல் போட்டாய். "அக்கான்னா இவதான் அக்கா" என்று கூடி இருந்தவர்கள் உன்னை ஏற்றி வைத்துப் பேசினார்கள்.

இதுவரைக்கும் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். எனக்குத் தம்பி மேல் இருந்த பாசத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. உனக்குக் கிடைத்த அந்தப் பேரை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் பத்திரத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டேன். உன்னை மிஞ்ச வேண்டும் என்று "எனக்கு அந்த மாமரத்துப் பழம்கூட வேணாம்" என்று வேறு சொன்னேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அத்தா நிலத்தை விட்டேன்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "ஏரிக்கரையில இப்போ இன்னா வெச்சிருக்கானோ" என்றாய். இந்த நேரத்தில் அல்லாவை நினை என்று உன்னை அதட்டினேன். அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. உனக்கும் உள்ளே எரிந்ததா அக்கா? ஏன் சொல்லாமல் போனாய்?

இப்போது என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் மவுத்தாகி இரண்டு வருடமாகிறது, உனக்கு அங்கேயே தெரிந்திருக்கும். அவருடைய ஒரு ஏக்கரைத் தன் பேருக்கு மாற்ற என் மகன் ரஃபீக் பத்திரம் டைப் அடித்து வைத்திருந்தான். "வந்து போட்டுட்டுப் போடி" என்று என் மகள் ஷபானாவுக்கு நானேதான் போன் செய்திருந்தேன், சுமத்ராவுக்குப் போகிறதுக்கு முன்னால். நான் திரும்பி வந்த வாரம் அவள் வந்து உட்கார்ந்தாள். பத்திரத்தை எடுத்து என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

"இன்னாம்மா வெளையாட்டு?" என்றான் ரஃபீக்.

"ஆணுக்கு ரெண்டு பங்கு, பொண்ணுக்கு ஒண்ணு. குர்ஆன்ல இருக்கிறதுதான்டா சொல்றேன்."

"அவளுக்குத்தான் நகை போட்டாச்சே. ஏரோப்ளேன் ஏறிட்டு வந்து புது ஷரீஅத்து சொல்றியா?"

"நகை நாங்க ஆசப்பட்டுப் போட்டது. இது அல்லா குடுத்தது."

ஷபானா அழ ஆரம்பித்துவிட்டாள். "வேணாம்மா, அண்ணன் மூஞ்சில நான் முழிக்கணும். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யாரு வருவா?"

"மாப் பண்றதுன்னா மொதல்ல கைக்கு வரணும்டி. உன் பங்க அளந்து, அதுல நின்னு பாரு. ஒரு வருஷம் கழிச்சு மனசு வந்தா அப்போ குடு. அது கொடை. இது கொடை இல்ல."

போன வாரம் சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். ரஃபீக் வேலைக்குப் போகிறேன் என்று போய்விட்டான். இன்னும் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிடுகிறான், அதுவரைக்கும் அல்ஹம்துலில்லாஹ். ஷபானா முக்காட்டைச் சரி செய்துகொண்டே கல்லுக்குக் கல் நடந்தாள். பக்கத்து நிலத்து ஆடு உள்ளே வந்தது. "தே, எங்க நெலத்துல மேய வுடாத" என்று அந்த ஆட்டுக்காரியை அதட்டினாள். சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள்.

நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. முதலில் வந்தது பொறாமை அக்கா. பெற்ற மகள் மேலேயே. ஐம்பத்தாறு வயதில் நான் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அதற்குப் பின்னால்தான் சந்தோஷம் வந்தது, நொண்டிக்கொண்டு.

தம்பியிடம் போய் நான் எதுவும் கேட்க மாட்டேன். அல்லா சாட்சியாக வாயால் சொன்னது சொன்னதுதான். ஆனால் என் உயிர் இருக்கும்வரை ஷபானாவின் கல்லை யாரும் பிடுங்க விடமாட்டேன், என் மகனே ஆனாலும். என் வயிற்றெரிச்சல் அவளுக்குத் தெரியாமலும் பார்த்துக்கொள்கிறேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. எனக்காக அங்கே துஆ செய்.

உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டே வளர்ந்த
உன் தங்கச்சி