சுருட்டிய பிறகு பன்னிரண்டு அங்குலம்

அக்கா,

விராலிமலைக்குப் போகிறேன். சாயந்தரம் வந்துவிடுவேன்.

தகரக் கடை தாஜுதீன் வருவார். ஸ்டவ்வைச் சுற்றி வைக்கச் செய்த மறைப்பை அவரிடம் திருப்பிக் கொடு. உயரம் பன்னிரண்டு அங்குலம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். மேல் ஓரத்தைக் கம்பி வைத்துச் சுருட்டியதில் முக்கால் அங்குலம் போய்விட்டது. தீ வெளியே தெரிகிறது. சுருட்டிய பிறகு பன்னிரண்டு இருக்க வேண்டும் என்று சொல். சுருட்டு உட்பக்கம் இருக்கட்டும். வெளியே இருந்தால் சேலை மாட்டும்.

"இதுவே போதும்டா. முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டுத்தான உக்காருறேன், நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று நேற்றுச் சத்தம் போட்டாய். தீப்பிடித்த அன்று, பாப்பாவை என்னிடம் விட்டுப்போன ஆவுடையாளும் செருகிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

சாவி மாடத்தில் இருக்கிறது.

நாகு

சோறு வடித்துவிட்டேன், குழைந்துவிட்டது. பாப்பாவுக்குப் பால் பிளாஸ்கில் இருக்கிறது. வேறு எதுவும் சமைக்க வேண்டாம்.

ஸ்டவ்வின் திரிகளை உருவி எடுத்துப் போகிறேன். வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.