கலாராணியின் காளான்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் இரண்டு வாளி நிறைய வாடின ரோஜா. எந்தக் கல்யாண ஹாலிலோ விருந்து முடிந்து குப்பைக்குப் போகிற பூவை வண்டி வைத்துத் தூக்கி வந்திருக்கிறாள் மாடியில் இருக்கிறவள்.

"தூக்கிப் போடறாங்க அக்கா. மனசு கேக்கல" என்றாள்.

கேட்காதுதான். முன்பின் தெரியாத எவனோ எவளோ மாலை மாற்றிய பூ என் படியில் கிடந்து அழுகவேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

கொழுந்தன் மனைவி, எனக்கு ஓர்ப்படி. மாடியில் வந்து இறங்கி மூன்று மாதம்தான். கொழுந்தன் லாரியோடு பாதி மாதம் ரோட்டில் கிடக்கிறான், இவள் முழு மாதமும் என் தலைமேல். ஒரு மூடி கிடைத்தால் அதில் பூ. ஒரு பாட்டில் கிடைத்தால் அதிலும் பூ. "வீட்டையே ஆர்ட்டா வச்சுக்கலாம் அக்கா." கலாராணி என்று பேர் வைத்திருக்கிறேன். மகளிடம் மட்டும் சொன்னேன். சிரித்துவிட்டு, "பாவம்மா சித்தி" என்கிறாள். பாவமாம்!

ஜூன் 9

பின்பக்கத்து ஷெட் இப்போது அவளுடைய தொழிற்சாலை. ஊரார் வேண்டாமென்று ஒதுக்கிய நாற்காலி, கால் ஆடுகிற மேஜை, கதவில்லாத அலமாரி எல்லாம் வந்து சேர்கிறது. நல்ல தேக்கு அலமாரி ஒன்றை உப்புத்தாள் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்து, வெளிர்நீலம் அடித்து வைத்திருக்கிறாள். மரத்துக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்.

இதில் இவர் வேறு எடுபிடி. ரிட்டயர் ஆனதிலிருந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது கை ஒழியவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் ஷெட். சாயங்காலம் காப்பி ஆனதும் ஷெட். கிட்டே வந்தால் ஸ்பிரிட் நெடி குப்பென்று அடிக்கிறது.

"பாலிஷ்மா. கையில ஒட்டிக்குது, போகவே மாட்டேங்குது."

எப்படிப் போகும்? அவள் கைவேலைக்கு இவர் சட்டை நாறுகிறது, துவைக்கிறவள் நான்.

ஜூன் 10

வாளியை இன்னும் எடுக்கவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. பார்ப்போம் யார் மூக்கு ஜெயிக்கிறதென்று.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் கலாராணி இவரிடம், "வெயில்ல நிக்காதீங்க மாமா, தண்ணி குடிங்க" என்றாள். ஜன்னல் வழியே கேட்டது. நேரே போய்ச் சொன்னேன்: "இந்த வீட்ல தண்ணி சாப்பிடுங்கன்னு சொல்லணும்."

திருதிருவென்று விழித்தாள். சொல்லிவைப்பது நல்லதென்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் காப்பி சாப்பிடலாம், மோர் சாப்பிடலாம், மருந்து சாப்பிடலாம். அந்த இன்னொரு வார்த்தைக்கு இங்கே இடம் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் இவர் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் தோளில் வந்து இறங்கிய அன்று, மகள் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டேன். அழுதுகொண்டே பின்னால் வந்து, தெருவில் எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தார். "இன்னொரு சொட்டு உள்ள போச்சுன்னு தெரிஞ்சா, கூப்பிடக்கூட வராதீங்க" என்றேன். அதற்கப்புறம் ஒரு சொட்டு இல்லை. பக்கத்து வீட்டுக்காரி புருஷனைப் பற்றிப் புலம்பும்போது நான் வாயைத் திறப்பதில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வரும். வந்தால் என்ன? சம்பாதித்த சிரிப்பு.

கலாராணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி அக்கா, சாப்பிடறேன்" என்று அவருக்குக் கொண்டுவந்த தண்ணீரைத் தானே வாயில் ஊற்றிக்கொண்டாள். கிண்டலா, பயமா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 21

மகள் குண்டைத் தூக்கிப் போட்டாள். அடுத்த மாதம் நடக்கிற தன் கல்யாணத்துக்குப் பூ அலங்காரம் சித்திதான் செய்யவேண்டுமாம். ஹாலுக்கு, மேடைக்கு, மேஜைகளுக்கு, எல்லாவற்றுக்கும்.

"வாய்க்கா ஓரம் முளைக்கிற நாணல், காட்டுப் பூ எல்லாம் வச்சு சித்தி ஒண்ணு செஞ்சு காட்டினாங்கம்மா. அப்படி இருந்துச்சு!"

ஒரே பெண். அவள் கல்யாணத்துக்கு நாணலாம். மாடு மேய வருமா என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். இவர் சமாதானம் பேச வந்தார், அந்த ஸ்பிரிட் நெடியோடு. "தள்ளி நின்னு பேசுங்க" என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு



இன்று சம்பந்தி வீட்டார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். சம்பந்தியம்மா மேஜையில் விரல் வைத்துத் தூசி பார்க்கிற ரகம். நான் விடியற்காலையிலிருந்து சமைத்தேன். எல்லாம் பரிமாறி முடித்த நேரம், கலாராணி மாடியிலிருந்து ஒரு சட்டியோடு இறங்கி வருகிறாள். காளான்! மழைக்குத் தெருக்கோடி மைதானத்து ஓரம் முளைத்ததாம். சாம்பல் நிறத்தில் மணி மாதிரி கவிழ்ந்திருக்குமாம், நாளைக்கு வைத்தால் கருத்து மையாக ஒழுகிவிடுமாம், அதனால் பறித்த கையோடு மிளகு போட்டு வதக்கிக் கொண்டுவந்திருக்கிறாள். குப்பைப் பூ போதாதென்று குப்பைக் காளான். சம்பந்தி ஆசையாக மூடியைத் திறந்து பார்க்கிறார், நான் என்ன சொல்ல முடியும்?

பரிமாறுவதற்கு முன்னால் அவள், "அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். இந்தக் காளான் குடிக்கிறவங்களுக்கு மட்டும்—" என்று ஆரம்பித்தாள்.

"இந்த வீட்ல அந்தப் பேச்சே கிடையாது" என்றேன். சிரித்த முகமாகத்தான் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு. சம்பந்தியம்மா முன்னால் அந்த வார்த்தை! புத்தி இருக்கிறதா?

"எங்க வீட்லயும் யாரும் கிடையாதும்மா" என்றார் சம்பந்தியம்மா விறைப்பாக.

"அப்ப சரி. யாரும் இல்லன்னா பயமில்ல" என்று உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாரும் சாப்பிட்டோம். ருசியாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் இவர், "பாலிஷ் காய்ஞ்சிருச்சான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று ஷெட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம், கழுத்து, காது எல்லாம் மிளகாய்ப்பழம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "படபடன்னு அடிக்குது, படபடன்னு அடிக்குது" என்கிறார். பிறகு வாந்தி. சம்பந்தியம்மா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "இவர் டிரிங்க்ஸ் ஏதாவது எடுத்தாரா?" என்று கேட்டார். கேட்கிற கேள்வியா இது? "அவங்க வச்ச காளானைத்தான் எடுத்தார்" என்று கலாராணியைக் காட்டினேன். அவள் இவர் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "ஆமா டாக்டர். என் தப்புதான். தப்பான காளான் பறிச்சிட்டேன்" என்றாள்.

சாயங்காலம் சரியாகிவிட்டது. கொலைகாரி.

ஜூலை 2

சம்பந்தியம்மா போன் செய்தார். "பூ எல்லாம் கடையிலயே சொல்லிடலாம். உங்க ஓர்ப்படி கை பட்ட எதுவும் வேண்டாம்."

வேண்டாமே! தாராளமாக வேண்டாமே! மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி, "நானும் அதைத்தாங்க நினைச்சேன்" என்றேன். மகள் என்னோடு பேசவில்லை. பேசுவாள். கலாராணி மாடியை விட்டு இறங்கவே இல்லை. வாளிகள் காணோம். மூக்கு ஜெயித்தது.

ஜூலை 4, வெள்ளி

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காலையில் ஷெட்டைக் காலி செய்யச் சொல்லப் போனேன். ஒழிகிற தொல்லை முழுசாக ஒழியட்டும் என்றுதான். அவள் உள்ளே ஒரு நாற்காலியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஆரம்பித்தேன். "முதல்ல அந்த ஸ்பிரிட் டின்னையெல்லாம் எடு. நெடி தாங்கல. நாலு மாசமா இவர் சட்டை, துண்டு, தலகாணி எல்லாம்—"

"ஸ்பிரிட் இல்ல அக்கா" என்றாள்.

"என்ன இல்ல?"

"நான் ஸ்பிரிட் பாலிஷே போடறதில்ல. எனக்கு மூச்சு அடைக்கும். தேன்மெழுகும் எண்ணெயும்தான். இதோ பாருங்க."

பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு டப்பாவையும் திறந்து நாய் மாதிரி முகர்ந்து பார்த்தேன். தேன் வாசனை. தேன் வாசனைதான்.

அப்போ தலகாணியில அடிச்சது என்ன? நாலு மாசமா நான் துவைச்சுப் பிழிஞ்சது என்ன? பக்கத்துல படுத்து, மூச்சு மேல படப் படப் படுத்து, "உன் பாலிஷ் நெடி"ன்னு இவள வஞ்சேனே, அது என்ன?

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு அவர் காதைப் பாத்தப்பதான் அக்கா. அந்தக் காளான் யாரையும் ஒண்ணும் செய்யாது. வயித்துல காளான் இருக்கறப்ப, நீங்க பேசக்கூடாதுன்ன அது ஒரு வாய் உள்ள போனாத்தான் அப்படிச் சிவக்கும்."

"அப்புறம் ஏன் தப்பு உன்னுதுன்ன?"

துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "கல்யாணம் இருக்கு. என்னைத் திட்டறது உங்களுக்குப் பழக்கம். அவரைத் திட்ட ஆரம்பிச்சீங்கன்னா எங்க போய் நிக்குமோ."

எனக்கு அவளை அறையவேண்டும் போலிருந்தது. யார் கேட்டது இவளை? என் புருஷனுக்காகப் பழி சுமக்க இவள் யார்? பெருந்தன்மையாம். என் வீட்டிலேயே இருந்துகொண்டு என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறாள்!

இதைத்தான் முதலில் நினைத்தேன். இவரை நினைக்க மத்தியானம் ஆயிற்று.

ஜூலை 5

கேட்டேன். "கொஞ்சம்தாம்மா. தினமும் இல்ல" என்றார்.

"எப்பலேருந்து?"

"நடுவுல விட்டிருந்தேன்."

நடுவில்! எதற்கும் எதற்கும் நடுவில்? கேட்கவில்லை. மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யக் கையைத் தூக்கினார். "அவ தலையத் தொடாதீங்க" என்றேன். கல்யாணம் முடியட்டும்.

காய் நறுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி வந்து தன் கதையைச் சொன்னாள். சிரிப்பு வரவில்லை. என்னைவிட அவள் தேவலை, தெரிந்தாவது புலம்புகிறாள்.

ஜூலை 7

சம்பந்தி வீட்டுக்கு நானே போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சம்பந்தியம்மா காப்பி கொடுத்தார். வாயில் வைக்கவில்லை, ஆறிப்போயிற்று.

"பூ என் ஓர்ப்படிதான் வைப்பா" என்றேன்.

"அதான் பேசி முடிச்சாச்சே. அன்னைக்கு அவ்வளவு நடந்தும்—"

"காளான்ல ஒண்ணுமில்லைங்க. எங்க வீட்டுக்காரர் குடிச்சிருந்தார்."

நாலு வருஷமாக என் வாயில் வராத வார்த்தை. அவர் வீட்டுக் கூடத்தில், அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன். என் முகமும் சிவந்திருக்கும், இத்தனைக்கும் நான் ஒன்றும் குடிக்கவில்லை.

சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதை ஏன் எங்கிட்ட வந்து சொல்றீங்க?"

"அவ மேல பழி வேண்டாம்னுதான்."

கல்யாணத்தை நிறுத்திவிடுவாரோ என்று பயம் வந்தது. ஏன் வந்தேன், எவள் கெட்டால் எனக்கென்ன என்றும் தோன்றியது. அவர் காப்பி டம்ளரை எடுத்து உள்ளே போய் வேறு சூடாகக் கொண்டுவந்து வைத்தார்.

"பூ என்ன கலர்ல வைக்கப்போறாங்களாம்?" என்று கேட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

கல்யாணம் நல்லபடி முடிந்தது. ஹால் முழுக்க நாணல், வெள்ளைக் காட்டுப் பூ, நடுநடுவே கடையில் வாங்கிய ரோஜா. வந்தவர்கள் எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. இங்கே எழுதிவிட்டேன், அவளிடம் சொல்லப்போவதில்லை. ஏற்கெனவே தலைகால் புரியவில்லை அவளுக்கு.

இவர் எல்லாரையும் ஓடி ஓடிக் கவனித்தார். கிட்டே வந்தபோதெல்லாம் மூச்சை இழுத்துப் பார்த்தேன். சந்தனமா, பூவா, வேறா? சாகும்வரை இந்த மூக்கோடு இருக்கவேண்டுமா நான்?

ஜூலை 28

மகள் போனபின் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. "சுத்தமா விட்டுட்டேன்" என்கிறார் இவர். நான் கேட்காமலே தினமும் சொல்கிறார். கேட்காமலே சொல்வதுதான் உதைக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடிந்ததும் மழை விட்டிருந்தது. கலாராணி கூடையோடு கிளம்பினாள், நானும் செருப்பை மாட்டினேன். அவளுக்கு ஆச்சரியம், காட்டிக்கொள்ளவில்லை. மைதானத்து ஓரம் சேற்றில் குனிந்து குனிந்து இடுப்பு போயிற்று. நானாக ஒன்றைப் பிடுங்கப் போனால், "அது வேண்டாம் அக்கா, தொடாதீங்க" என்று பெரிய வாத்தியாரம்மா மாதிரி அதட்டுகிறாள். அவள் காட்டியதை மட்டும் பறித்தேன்.

வீட்டுக்கு வந்து சமையல் மேஜையில் கொட்டினேன். அவர் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன காளான்?"

"அதேதான். மத்தியானத்துக்கு."

நின்றார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். நான் கத்தியைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தேன். சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன், சொல்லேன், என்று உள்ளே ஏதோ கெஞ்சியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் கெஞ்சியது.

"இன்னைக்கு வேணாமே" என்றார். "நாளைக்குச் செய். நாளைக்குச் சாப்பிடறேன்."

"இது நாளைக்கு நிக்காது" என்றேன்.

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

கழுவி, நறுக்கி, மிளகு போட்டு வதக்கினேன். அவருக்குச் சோறும் குழம்பும் எடுத்து மூடி வைத்தேன். பிறகு என் புடவைகளை அடுக்கினேன். மாடிப்படி ஏறும்போது ஒரு கையில் சட்டி, ஒரு கையில் பெட்டி. கதவைத் தட்டக் கை இல்லை, காலால் உதைத்தேன். கலாராணி திறந்தாள். இரண்டையும் பார்த்தாள். பெட்டியை முதலில் வாங்கிக்கொண்டாள்.