விளம்பாமல் விட்ட இலை

ஆடி 9, ஞாயிறு

இன்று எங்கள் சபையில் அசனம், கோயிலில் எல்லாரும் கூடிச் சாப்பிடும் விருந்து. பந்தியில் சாம்பார் விளம்பும் வேலை எனக்கு. பர்மாச் சண்டையில் இடக்கண் போன பிறகும் ஒரு சொட்டு சிந்தாமல் விளம்புவேன்.

ஞானமுத்து அண்ணன் பந்தியில் இருந்தார். என்னையும் என் தம்பியையும் பட்டாளத்துக்குப் பிடித்துக் கொடுத்தவர். தம்பி திரும்பவில்லை. இப்போது எங்கள் பகுதி திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரும் போராட்டத்துக்கு ஆள் சேர்க்கிறார். அருகிலிருந்த இளவட்டங்களிடம், "நாளைக்குப் பாறசாலை ஊர்வலத்துல நீங்க முன்னால நடங்க மக்கா. போலீசு சுடமாட்டான்" என்றார். "சண்டை உங்க பக்கமே வராது மக்கா" என்று அன்று எங்களிடம் சொன்ன அதே குரல்.

அவர் இலையை மட்டும் விட்டு நகர்ந்தேன்.

"எலே, எனக்கு?"

"அந்தப் பக்கம் எனக்குக் கண்ணு தெரியாதாக்கும் அண்ணே."

அவர் என் வலப்பக்கம் இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு முன்னால கொடி நீங்க பிடிக்கணும்" என்றேன்.

"எனக்குக் கால் முட்டு வேதனையாக்கும்."

"நான் கையைப் பிடிச்சு நடத்துறேன். சுடமாட்டான்னு நீங்கதானே சொன்னிய?"

இளவட்டங்கள் அவரையே பார்த்தார்கள். வெறுஞ்சோற்றின் மேல் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனார்.

போராட்டம் நியாயம்தான். நானும் நடப்பேன். ஆனால் விடியும் முன் அவர் வாசலில் போய் நிற்பேன், அன்று எங்கள் வாசலில் அவர் நின்ற மாதிரி. அவர் பெண்டாட்டி அழுதால் அழட்டும். எங்கள் அம்மா அழுதபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.