கல்லில் இல்லாத வாழ்த்து

அத்தை,

காலையில் வேலியோரம் கோவை இலை பறித்துக் கசக்கினேன். சோறு பிசைந்து தின்றாயிற்று, மாட்டுக்குத் தவிடு கலக்கி வைத்தாயிற்று, இரண்டு முறை கை கழுவியும் ஆயிற்று. அந்தப் பச்சை வாடை இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. சிலேட்டுத் துடைக்கிற வாடை. நாம் இருவரும் உட்கார்ந்து எழுதிய நாட்களில் உங்கள் கையிலும் இதுதான் இருக்கும். "ஆட்டு வாடை போயி, படிச்சவ வாடை வந்துருச்சு பாத்தியாத்தா" என்று உள்ளங்கையை முகர்ந்து முகர்ந்து சிரிப்பீர்கள்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. காரியம் முடிந்த மறுநாளே இதை எழுத நினைத்தேன். நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன். அந்த 'நாளைக்கு' என் வாயில் எப்படியெல்லாம் வரும் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் என்னை மலைக்குக் கூட்டிப் போனீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் ஆடு மேய்த்த மலை. சுனைக்கு மேலே, வெயில் படாத பாறையில், வரிவரியாக எழுத்து வெட்டியிருந்தது. செல்லாயி அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் அங்கே ஆட்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க தம்பி மக. பள்ளிக்கூடத்துல படிக்கிறா. இன்னைக்கு இந்தக் கல்லு என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சிரும்" என்றீர்கள். என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினீர்கள்.

நான் பார்த்தேன். என் பாடப் புத்தகத்தில் இருந்த எழுத்து ஒன்றுகூட அங்கே இல்லை. ஒன்றிரண்டு நம் எழுத்துக்கு ஒன்றுவிட்ட உறவு மாதிரி இருந்தன. உற்றுப் பார்த்தால் அவையும் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஐந்து பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் முன்னால் என் பேரைக் கேட்டாலே தூணுக்குப் பின்னால் ஒளிகிறவள் நான். உங்கள் முகத்தில் வேறு அத்தனை பெருமை.

"இந்த வழியா ஆடு மேய்க்க வார பொம்பளைக நல்லா இருக்கணும்னு எழுதியிருக்கு" என்றேன்.

எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "ஆத்தாடி, நம்மளையா!" என்று செல்லாயி அக்கா கன்னத்தில் கை வைத்தார். நீங்கள் பாறையில் உள்ளங்கையை வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். "நம்மளையும் ஒரு ஆளு நெனைச்சிருக்கான் பாருங்கடி" என்றீர்கள்.

மறு வெள்ளிக்கிழமை அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கு ஆவாரம்பூ. பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஆடு குட்டி போட்டால் முதல் பால் அந்தக் கல்லுக்கு. என் பொய்க்கு நீங்கள் எல்லாரும் பூ வைத்தீர்கள்.

பெரியவளானதும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது, அத்தை. இனி யாரும் என்னைப் படிக்கச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து, உங்கள் கடைசி மகளைக் கீரமங்கலத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு வந்த வாரம், எங்கள் வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"ஏத்தா, எனக்கு எழுத்துச் சொல்லிக் குடு."

"எதுக்கு அத்தை?"

"புள்ளைகளுக்குச் செய்ய வேண்டியது முடிஞ்சிருச்சு. இனி எனக்குன்னு ஒண்ணு வேணும். அந்தக் கல்லை நானே படிக்கணும். கல்லுல சொல்லி வச்ச ஆளு செத்துட்டான். கேக்குறதுக்கு ஒரு ஆளு வேணாமா?"

நீங்கள் எழுத்துக் கற்றுக்கொண்டால் நான் பொய் சொன்னது தெரிந்துபோகும். "நாளைக்கு ஆரம்பிக்கலாம் அத்தை" என்றேன்.

மறுநாள் அட்டமி என்றேன். அடுத்த வாரம் நடவு. பகலில் வேலை என்றேன். பொழுது சாய்ந்து வந்தபோது, யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, விளக்கில்லாமல் எப்படி என்றேன். எல்லாம் தீர்ந்த பிறகு பெரிய சாக்கு ஒன்று கிடைத்தது. எழுத்தை விஜயதசமி அன்றுதான் தொடங்க வேண்டும். அப்போது கார்த்திகை மாதம். பத்து மாதம் எனக்கு மிச்சம்.

"அதுவுஞ் சரிதான். முறைப்படி செய்யணும்" என்று தலையாட்டினீர்கள். உங்களுக்கு என்மேல் ஒரு துளி சந்தேகம் வந்திருந்தால் எனக்கு இன்று இவ்வளவு வலிக்காது.

அந்தப் பத்து மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. நீங்கள் மகள் பிரசவத்துக்குக் கீரமங்கலம் போயிருந்தபோது, சமஸ்தானத்திலிருந்து ஒருவர் வந்தார். ஈரக் காகிதத்தைப் பாறையில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மையைப் பூசி எழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போனார். நான் சுனையில் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஒரு கேள்வி. கேட்கவில்லை. நிறைகுடம் இடுப்பில் கனத்தது. நாளைக்கும் வருவார், நாளைக்குக் கேட்கலாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் அவர் வரவில்லை. அவர் வந்ததைக்கூட உங்களிடம் நான் சொல்லவில்லை.

விஜயதசமி வந்தது. கீரனூர்ச் சந்தையில் வாங்கிய புதுச் சிலேட்டும் ஒரு படி பொரியுமாக விடிந்ததும் வந்து நின்றீர்கள். தெருவே சிரித்தது. "என்ன மதினி, திவான் வேலைக்கா?" என்று கேட்டவரிடம், "ஆமா, வேலை கெடைச்சதும் மொதல்ல ஒன் வீட்டுக்குத்தான் வரி போடுவேன்" என்றீர்கள்.

நான் வேண்டுமென்றே மெதுவாகச் சொல்லிக்கொடுத்தேன். வாரத்துக்கு ஒரு எழுத்து. நீங்களோ ஒரே நாளில் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தீர்கள். 'ப'வைப் பார்த்து, "ஆட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டி" என்றீர்கள். 'ட'வைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "செவுத்துல சாஞ்சு காலை நீட்டி உக்காந்திருக்கா பாரு. இது நானேதான்!"

தையில், பொங்கல் வேலை முடியட்டும் என்று நிறுத்தினேன். நிறுத்தினது நிறுத்தினதுதான். மாசியில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் பார்க்க வந்தேன். கஞ்சியைத் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்தீர்கள். உங்கள் கை அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

"போன வெள்ளிக்கெழமை கல்லுகிட்டப் போயி உக்காந்தேன்த்தா. உச்சிப்பொழுது வரைக்கும் பாத்தேன். ஒரு எழுத்தும் புடிபடலை. நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்தே. எனக்குத்தான் மண்டையில ஏறலை. வயசாயிருச்சுல்ல."

"அப்படி இல்ல அத்தை" என்றேன்.

"சிலேட்டு செல்லாயிகிட்ட இருக்கு. வாங்கிப் பாரு. எங்க தப்புன்னு சொல்லு."

தப்பு உங்களுடையது இல்லை என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்? நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். மூன்று போதும். அறையில் உங்கள் மகள் இருந்தாள், பக்கத்து வீட்டுப் பெண் இருந்தாள். நாளைக்கு, தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று எழுந்தேன். "நாளைக்கு வாரேன் அத்தை" என்றேன். "வா, வா" என்றீர்கள். மறுநாள் வந்தேன். உங்களுக்கு நினைவு தப்பியிருந்தது. மூன்றாம் நாள் நீங்கள் இல்லை. உங்களுக்கு மண்டையில் ஏறவில்லை என்றே நினைத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

சிலேட்டை வாங்கவும் நான் போகவில்லை. இன்று காலை செல்லாயி அக்காவே முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"ஒங்க அத்தை ஆசை அந்தரத்துல நிக்குது. எனக்குச் சொல்லிக் குடு. அவ விட்ட எடத்துல இருந்து நான் படிக்கிறேன். விசயதசமிக்கு இன்னும் இருவது நாள் இருக்கு, அப்ப ஆரம்பிப்பமா?"

சிலேட்டில் ஒரே தூசி. கையில் வாங்கிக்கொண்டு வேலிக்குப் போய்க் கோவை இலை பறித்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஒரு வரி தெளிந்து வந்தது. பலப்பத்தால் எழுதியதல்ல. வழியில் அழிந்துவிடுமென்று ஆணியால் கீறியிருந்தீர்கள். பாறையில் இருந்த எழுத்து. முதல் வரி முழுவதும், வளைவு வளைவாக, பார்த்துப் பார்த்து வரைந்தது. நான் கல்லிடம் போகப் பயந்தேன் என்று தெரிந்தோ என்னவோ, கல்லையே என்னிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள்.

வேலியோரத்திலேயே நின்று சொல்லிவிட்டேன். "அக்கா, எனக்கு அந்தக் கல்லைப் படிக்கத் தெரியாது. அன்னைக்கும் தெரியாது. நான் சொன்னது பொய்யி."

செல்லாயி அக்கா முந்தானையை உதறினார்.

"அடிப்பாவி! ஏழு வருசமா பூ வச்சிருக்கேனே! ஆட்டுக்காரிக நாசமாப் போகணும்னு எழுதியிருந்தா?"

நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "ஒங்க அத்தைகிட்டச் சொல்லியிருக்கணும்டி. அவ சிரிச்சிருப்பா. அதுகூடத் தெரியாம போச்சே ஒனக்கு" என்றார். பிறகு சிலேட்டை என் கையிலிருந்து வாங்கித் திருப்பினார். "சரி, இந்தப் பக்கம் வெறுமையாத்தானே கெடக்கு. எழுதிக் காட்டு." விஜயதசமி வரட்டும் என்று என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். மண்ணில் உட்கார்ந்து முதல் எழுத்தாக 'ட' எழுதினேன். முறைப்படி அது முதல் எழுத்து இல்லைதான். சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருப்பது யார் என்று சொன்னேன். செல்லாயி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று முறை கோணலாக எழுதினார்.

மத்தியானம் அப்பாவிடமும் சொன்னேன். அவர் திங்கட்கிழமை, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போகிறார். கல்லெழுத்துப் படிக்கிறவர்கள் ஆபீசு அங்கேதான் இருக்கிறதாம்.

"சிலேட்டை எங்கிட்டக் குடு. நான் கேட்டுட்டு வாரேன். பொம்பளைப் புள்ளை ஆபீசுக்கா வருவ?"

"இல்லப்பா. பொய் சொன்னது நான். நான்தான் கேக்கணும்."

அப்பா என்னை ஒருமாதிரி பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த ஆபீசில் எத்தனை பேர் இருப்பார்கள், யார் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று நினைக்கும்போதே ஒளிந்துகொள்ள ஒரு தூணைத் தேடுகிறேன். ஆனாலும் உங்கள் கீறலை மடியில் வைத்துக்கொண்டு போவேன். அவர்கள் படித்துச் சொன்னால், வெள்ளிக்கிழமை மலையேறி, பாறைக்கு எதிரே நின்று உங்களுக்குச் சத்தமாகச் சொல்வேன். வாழ்த்தோ வசவோ, ஓர் எழுத்தும் கூட்ட மாட்டேன். அவர்களுக்கும் படிக்க வரவில்லை என்றால், தெரியாது என்று சொல்வேன்.

அந்தச் சொல் ஏழு வருடத்துக்கு முன்பே, அதே இடத்தில், உங்களுக்குச் சேர வேண்டியது.