தொட்டியில் கருஞ்சீரகம்

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் பனி. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. கருஞ்சீரகச் செடிகள் நாலும் ஒரு சாணுக்கு மேல். தழை நூல் நூலாக. ஒன்றில் மொட்டு!

காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்கிய காலமெல்லாம் இதை மூட்டை மூட்டையாகத் தலையில் சுமந்தவன். பூவைப் பார்த்ததில்லை. மளிகைப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை தூவினேன், முளைத்துவிட்டது.

தொட்டி பாத்திமாவுடையது. புதினா வைக்க வேண்டுமாம்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள பூக்கலன்னா பிடுங்கிப் போட்டுருவேங்க.”

என் மனைவி சொன்னால் செய்வாள்.

வாங்க: மூட்டுவலித் தைலம், பல்பொடி.

ஜனவரி 7, புதன்

முதியோர் எழுத்து வகுப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் டீச்சரிடம் செடியைப் பற்றிச் சொன்னேன். போனில் படம் காட்டினார். பட்டர்கப் என்று ஒரு மஞ்சள் பூ, குளிர் தேசத்துப் புல்வெளியில் தானாக முளைப்பது. எண்ணெய் தடவியது போல மினுக்கு. லார்க்ஸ்பர் என்று இன்னொன்று, நீலம், தோட்டத்தில் வைப்பது. இரண்டும் கருஞ்சீரகத்துக்குச் சொந்தமாம்.

“அதையும் வறுத்துப் பொடிச்சுச் சாப்பிடலாமா டீச்சர்?”

“ஐயோ, அதெல்லாம் விஷங்க ஐயா!”

சொந்தத்தில் எல்லா விதமும் உண்டு.

இரண்டு பெயரையும் நானே எழுதினேன். விரல் வலி. சந்தோஷம்.

ஜனவரி 9, வெள்ளி

நல்ல வெயில். மன்னார்புரத்திலிருந்து கொழுந்தியாள் வந்தாள். சமையல் அவள். தால்சாக் குழம்பில் பச்சையாக ஏதோ மிதந்தது. நூல் நூலாக.

“என்ன தழைம்மா இது?”

“மாடியில இருந்த மல்லிதான் மச்சான். வாசமே இல்ல. மல்லி வளக்குற லட்சணமா இது?”

பாத்திமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. மேலே போனேன். மூன்று செடியில் அடிக்கட்டைதான் மிச்சம். மொட்டு விட்ட செடி மட்டும் சுவரோரம் சாய்ந்திருந்ததால் தப்பியது.

ஜனவரி 10, சனி

பூக்கவில்லை. நாளை கடைசி. செடிக்குப் பக்கத்தில் யாரோ துடைப்பக் குச்சி நட்டு, நூலால் கட்டியிருக்கிறார்கள். கொழுந்தியாள் நேற்றே ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் கட்டவில்லை. கேட்கவுமில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

பூத்தது! வெளிர் நீலம். ஐந்து இதழ். நடுவில் பச்சையாகச் சின்னக் கொம்புகள். அந்தக் கறுப்பு விதைக்குள்ளா இந்த நிறம்?

பாத்திமா கையைத் துடைத்தபடி வந்தாள். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இதையாங்க இத்தனை வருசமா வறுத்தேன்?”

அவள் தலையில் வைக்கலாமென்று கை நீட்டினேன்.

“தொட்டீங்க, கை இருக்காது! விதை கட்டட்டும்.”

புதினாவுக்கு உடைந்த வாளி போதுமாம். கீழே வந்ததும் மாடிக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சாயங்காலம் தங்கை வருகிறாளாம்.