பியூலா கல்யாணத்துக்கு எந்தச் சேலை

சாத்தான்குளம்
6 ஆகஸ்டு 1912

அருமை மகள் தேவமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சியும் சுகம். உன் சுகம் தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பியூலாவுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி நம் வேதக்கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தாள். "மூத்தவ புருசன் செத்து வருசங்கூடத் திரும்பல, பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துல நீலச் சேலை உடுத்திப் பாடஞ் சொல்லுதாளாமே?" என்று கேட்டாள். ஏட்டி, வெள்ளை உடுத்தி வா. கடைசி வரிசையில் இருந்துவிட்டுப் போ. பியூலா கைக்குழந்தையாக இருந்தபோது உன் அப்பா போனார். அன்றிலிருந்து பதினெட்டு வருஷம் நானும் வெள்ளைதானே?

உன் அம்மா
சாரம்மாள்

பாளையங்கோட்டை
12 ஆகஸ்டு 1912

அன்பான அம்மாவுக்கு,

கல்யாணச் சேதி படித்து வகுப்பிலேயே அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

அம்மா, நான் வெள்ளை உடுத்தியது ஒரே ஒரு நாள். கோயிலில் மணப்பெண்ணாக அவர் பக்கத்தில் நின்ற நாள். பியூலாவும் தன் கல்யாணத்தன்று வெள்ளைதான் உடுத்துவாள். அதையே எனக்குத் தண்டனையாகக் கொடுக்கிறீர்களே, இது என்ன நியாயம்? நீலச் சேலை அவர் வீரவநல்லூரில் எடுத்துத் தந்தது. காய்ச்சலில் கிடந்தபோது, "நான் போனாலும் நீ வெள்ளை உடுத்திராத" என்றார். உடுத்த மாட்டேன். ஆனால் தங்கச்சியை முன்வரிசையில் இருந்து பார்க்க ஆசையாக இருக்கிறது. வரட்டுமா?

தேவமணி

சாத்தான்குளம்
20 ஆகஸ்டு 1912

தேவமணிக்கு,

உன் வாய்க்கு யார் பதில் சொல்ல முடியும்? போதகர் ஐயாவே, வேதத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்கிறார். ஊர் என்ன வேதமா படிக்கிறது? நீ நீலத்தில் வந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். வெள்ளையில் வர முடியாவிட்டால் வராதே.

சாரம்மாள்

பாளையங்கோட்டை
4 செப்டம்பர் 1912

அம்மாவுக்கு,

நான் வரவில்லை. தங்கச்சிக்குக் குறுக்கே நிற்க மாட்டேன். இந்தப் பொட்டலத்தில் என் கல்யாணச் சேலை இருக்கிறது. பிடித்தால் பியூலா உடுத்தட்டும். மனசு ரொம்ப நோகிறது, அம்மா.

தேவமணி

சாத்தான்குளம்
16 செப்டம்பர் 1912

என் தங்கமே,

கல்யாணம் முடிந்தது. உன் சேலையைத்தான் உடுத்துவேன் என்று பியூலா ஒரே பிடியாக நின்றாள். "தாலியறுத்தவ சேலையாக்கும்" என்று மாமியார் முணுமுணுத்தாள். "எங்க அக்கா இதை உடுத்திச் சந்தோசமாத்தான் இருந்தா" என்றாள் உன் தங்கச்சி. பெற்ற நான் ஒருத்திதான் வாய் திறக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு பெட்டியின் அடியிலிருந்து உன் அப்பா எடுத்துத் தந்த சிவப்புப் பட்டுச் சேலையை எடுத்து விரித்தேன். பதினெட்டு வருஷம் மடித்தே கிடந்தது. மடிப்புக்கு மடிப்பு கிழிந்துவிட்டது. தோளில் போட்டுப் பார்க்கக்கூட முடியவில்லை.

இந்தச் சனிக்கிழமை வா. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தாதே, கோயில் தெரு வழியாகவே வா. நீலத்தில் வா.

அம்மா